விளக்க அட்டையை வாசித்தவர்

ரொறன்ரோ அருங்காட்சியகமொன்றின் எகிப்திய அறையில் அவர் காவலாளி. ஒட்ட வெட்டிய நரைமுடி, தோளில் நிற்காத பெரிய சீருடை. மம்மி கிடந்த கண்ணாடிப் பெட்டிக்கு அவர் முதுகு காட்டி நின்று நான் பார்த்ததில்லை. அறையை ஒருமுறை சுற்றியதும் பெட்டியருகே வந்து, விளக்க அட்டையை உதடசைத்து வாசிப்பார். எந்தக் கல்லறையில் தோண்டி எடுத்தார்கள், யார் கப்பலில் ஏற்றினார்கள், எப்போது இங்கே வந்தது எல்லாம் அதில் இருந்தது.

"உந்த அட்டையை எத்தினை தரம் வாசிப்பியள், அண்ணை?" என்று கேட்டேன்.

என் தமிழைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"பாடமாக்கிறன். ஆரும் வந்து கேட்டால் சொல்ல வேணும்."

"மூவாயிரம் வருசத்துப் பிரேதம். இனி ஆர் வந்து கேக்கப்போகினம்?"

"ஊரில ஆஸ்பத்திரிச் சவச்சாலையில வேலை செய்தனான். சண்டை நேரம். காலில நம்பர் மட்டும்தான் கட்டியிருக்கும். தாய்மார் வந்து, எங்க எடுத்தது, ஆர் கொண்டுவந்தது எண்டு கேப்பினம். தெரியாது எண்டுதான் சொன்னனான்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் ஆரையும் தேடி வரேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்து நின்றது. வேலைக்குப் போன என் தம்பி வீடு திரும்பாததும் அந்தச் சண்டை நேரத்தில்தான்.

நான் வாசலைத் தாண்டும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் நான் அங்கே போகவில்லை. தெரியாது என்று தாய்மாரிடம் அவர் சொன்னதை நான் நம்பவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்பதுதான் எனக்குப் பயம்.