கையெழுத்துப் போடாத சம்மன்

பட்டறையில் அவரைக் காயில் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிக் காயிலாகக் கட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே ஜன்னல். பேச்சு குறைவு. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் மோட்டாரே ஓட ஆரம்பித்துவிடும் என்று பக்கத்து மேஜைக்காரர் கேலி செய்வார். அதற்கும் ஒரு சிரிப்போடு சரி.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து மோட்டார் வந்தால் கூடவே ஒரு சீட்டு வரும். அதில் கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் வாங்கியவர் பொறுப்பு. அதுவரை அது வாசலில் கிடந்து மழையில் நனைந்தாலும் இறக்கிவிட்டுப் போனவர்தான் பதில் சொல்ல வேண்டும். வம்பு பிடித்த வேலை என்று தெரிந்தால் அண்ணன் சீட்டைத் தொடவே மாட்டார். அப்படியே பல தொல்லைகளிலிருந்து தப்பித்திருக்கிறார்.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. குடி, அடி, சந்தேகம் என்று எதுவும் இல்லை. சுவரோடு குடித்தனம் நடத்தி அலுத்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறுதோறும் அண்ணன் அந்த வீட்டுக்குப் போய், எட்டு வயது மகளைப் பூங்காவுக்கு அழைத்துப்போவார். அங்கே மட்டும் அவருக்கு வாய் திறக்கும். ஊஞ்சல் சங்கிலி ஏன் கிறீச்சிடுகிறது என்பதை, "போதும்பா" என்று அவள் சொல்லும்வரை விளக்குவார்.

ஒருநாள் நீதிமன்றத்திலிருந்து பதிவுத்தபால் வந்தது. விவாகரத்து வழக்குக்கான சம்மன் என்று உறையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வாங்க மாட்டேன் என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதம் நீதிமன்ற ஊழியரே பட்டறைக்கு வந்து நின்றார். அண்ணன் தன் கை முழுக்க வார்னிஷாக இருப்பதைக் காட்டினார். வந்தவர் கோபப்படவில்லை. வாங்க மறுத்தார் என்று தாளில் குறித்துக்கொண்டு, வீட்டுக் கதவில் ஒரு நகலை ஒட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் அண்ணன் அதைத் தண்ணீர் தடவிப் பொறுமையாக உரித்து, படிக்காமலேயே மடித்து அலமாரிக்கு மேலே போட்டார். தன் கையெழுத்து இல்லாமல் வழக்கு ஓர் அடி நகராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் எப்போதும்போலப் போயின. ஒன்பதாவது மாதம் ஒரு ஞாயிறு, மைத்துனர் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"அக்காவுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிடுச்சு மாமா. நேத்தே பாப்பாவோட கிளம்பிட்டா. தீர்ப்பு வந்து மூணு மாசம் ஆச்சு, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"நான் கையெழுத்தே போடலையேப்பா."

மைத்துனர் வாசலைவிட்டு விலகி வழிவிட்டார். உள்ளே வந்து தண்ணீராவது குடியுங்கள் என்றார்.

மறுநாள் அண்ணன் விடுப்புப் போட்டுவிட்டு, நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவி தரும் அறைக்குப் போனார். அங்கிருந்த பெண் வழக்கறிஞர் வழக்குக் கட்டை வரவழைத்துப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். சம்மனை வாங்க மறுத்தாலும் அது போய்ச் சேர்ந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நான்கு வாய்தாவிலும் அவர் பெயரை வாசலில் நின்று மும்மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் வராததால், மனைவி சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலையாகத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பட்டறை அங்கிருந்து இரண்டே தெரு தள்ளித்தான் இருந்தது.

பிறகு வழக்கறிஞர் மனைவியின் மனுவில் ஒரு பத்தியில் விரலை வைத்தார். "இதைப் படிச்சீங்களாண்ணே?"

மகள் தாயிடம் வளர வேண்டும்; ஞாயிறுதோறும் தந்தையிடம் அனுப்ப மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை; தந்தை நேரில் வந்து சம்மதம் தெரிவித்தால் அதையும் உத்தரவில் சேர்க்கலாம் என்று இருந்தது. வந்து சொல்ல ஆள் இல்லை. தீர்ப்பில் ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வரியும் இல்லை.

அண்ணன் அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தார்.

"தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். ஆனா ஏன் வரலைன்னு காரணம் கேட்பாங்க, நாளும் கடந்துடுச்சு. இல்லைன்னா பொண்ணைப் பார்க்கணும்னு மட்டும் தனியா கேட்கலாம். விவாகரத்து உங்க ரெண்டு பேருக்கும்தான், குழந்தைக்கு நீங்க அப்பா இல்லைன்னு ஆகிடாது. உங்களுக்கு எது வேணும்?"

அவர் வழக்குக் கட்டை மூடி வழக்கறிஞர் பக்கம் நகர்த்தினார்.

"பொண்ணைப் பார்க்கணும்மா."

பதினொரு வருடக் குடித்தனம் முடிந்துபோனதை அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு வார்த்தையில்தான்.

அந்த மனுவை மனைவி எதிர்க்கவில்லை. ஆனால் இப்போது இடையில் ஒன்பது மணி நேரப் பயணம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, அதே நீதிமன்றக் கட்டடத்தில் குழந்தைகளுக்கென்று இருக்கும் அறையில் இரண்டு மணி நேரம் என்று உத்தரவானது.

முதல் சனிக்கிழமை அண்ணன் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்திருந்தார். மகள் வந்தாள். "அப்பா" என்றாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், கொஞ்ச நேரத்தில் அவர் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மனைவி வாசலில் நின்று பார்த்தார். "பஸ்ல கண்ணே மூடல. எழுப்புங்க, நேரம் போகுது."

"தூங்கட்டும்." மகளின் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, "அந்தப் பேப்பரை நான் படிக்கவே இல்ல," என்றார்.

"தெரியும். படிச்சிருந்தா மட்டும் வந்து பேசியிருப்பீங்களா?"

அதில் கோபம் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தது போலவும் இல்லை. மனைவி வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணனுக்குக் கால் மரத்துப்போனது. அசைக்கவில்லை. ஊழியர் வந்து கதவைத் தட்டியபோதுதான் மகள் விழித்தாள். கன்னத்தில் அவருடைய கால்சட்டையின் தையல் பதிந்திருந்தது.

"வீடு வந்துடுச்சாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்று சொல்லிவிட்டு, அவர் குனிந்து அவள் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார்.