தம்பி உட்கார்ந்த பக்கம்

2008-ஆம் வருஷம் காணும் பொங்கல் அன்று, சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற வழியில் இருக்கும் என் புகுந்த ஊரில் நடந்தது இது. அன்று ஊர்த் திடலில் கபடிப் போட்டி. சாயங்காலம் முடிவதற்குள் என் பிறந்த வீடும் புகுந்த வீடும் பேச்சுவார்த்தை இல்லாமல் போகும் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால், வாயைக் கழுவு என்று சொல்லியிருப்பேன்.

நான் பிறந்தது சேத்தியாத்தோப்புப் பக்கம். அந்த ஊருக்கும் ஒரு கபடி டீம் உண்டு, என்னைக் கட்டிக்கொடுத்த ஊருக்கும் ஒரு டீம் உண்டு. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். என் தம்பி பிறந்த ஊர் டீமுக்கு ரைடு போகிறவன். என் வீட்டுக்காரர் சிதம்பரத்தில் பைக் மெக்கானிக். விளையாட்டில் ஓரத்தில் நின்று, ரைடு வருகிறவனின் காலைப் பிடிக்கிறவர். சொல்லப்போனால் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே தம்பிதான். ஒரு போட்டியில் இவரைப் பார்த்துப் பேசிப் பழகிவிட்டு வீட்டுக்கு வந்து, "யக்கா, நல்ல மனுசன். தோத்தாலும் சிரிச்சிக்கிட்டே கை குடுக்குறாரு" என்றான். அதைக் கேட்டுத்தான் அப்பா விசாரிக்கவே கிளம்பினார்.

கல்யாணமான முதல் பொங்கலுக்கே எனக்குச் சோதனை வந்துவிட்டது. திடலில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர் என்று ஜனம் உட்காரும். நான் யோசிக்கவே இல்லை, நேராகப் போய் எங்கள் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்துகொண்டேன். தம்பி ஒவ்வொரு பாயிண்ட் எடுக்கும்போதும் விசிலடித்தேன். ஆமாம், எனக்கு விசிலடிக்க வரும். அன்றைக்கு எங்கள் ஊர் ஜெயித்தது. வீட்டுக்கு வந்தால் மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என் நாத்தனார், பொல்லாத வாய்க்காரி, "ஏன் அண்ணி, ரேஷன் கார்டுல பேர இங்க மாத்தியாச்சுல்ல? சக்கர வாங்குறது இந்த ஊர்ல, விசில் அடிக்கிறது அந்த ஊருக்கா?" என்றாள்.

எனக்கும் வாய் சும்மா இருக்குமா? "கார்டுல பேரு மாறும். கூடப் பொறந்தவன் மாறுவானா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "வுடுங்க, அவ தம்பி ஆட்டத்துக்கு நானே கை தட்டுவேன்" என்றார். அந்த வாரம் முழுக்க மாமியார் என்னிடம் அளந்துதான் பேசினார்.

அடுத்த வருஷம்தான் நான் சொல்ல வந்த வருஷம். அப்போது என் பையன் கைக்குழந்தை. தம்பி போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தான். ஓட்டம், கயிறு ஏறுவது, தாண்டுவது என்று உடல் தகுதித் தேர்வு மட்டும் பாக்கி. எங்கள் வம்சத்தில் கவர்மெண்ட் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள் அவன். காலையில் பொங்கல் சீர் கொண்டுவந்தபோதே, "இன்னிக்கு ஆடாதடா, செலக்‌ஷன் முடியட்டும்" என்று சொன்னேன். கூட வந்த அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். "ஒரே மேட்ச்தான்க்கா. நான் எறங்கலன்னா பசங்க சோர்ந்துடுவானுங்க" என்று சொல்லிக் குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போய்விட்டான்.

நான் அந்த வருஷம் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம் என்று, நடுக்கோட்டுக்கு நேராக, நடுவர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டேன். யாருக்கும் விசிலும் இல்லை, கைதட்டலும் இல்லை. இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. தம்பி ரைடு போனான். மேளக்காரர்கள் என் காதுக்குப் பக்கத்திலேயே அடித்ததில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டு அலறினான். குனிந்து அவனைத் தூக்கி மார்பில் சாய்த்துத் தட்டினேன். அவ்வளவுதான். நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. தம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் புரள்கிறான். என் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, "மச்சான், மச்சான்" என்று கத்திக்கொண்டிருக்கிறார். தம்பி அப்படி ஒரு சத்தம் போட்டு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. யார் கையில் பிள்ளையைக் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லாமல் ஓடினேன்.

அதற்குள் சண்டை கிளம்பிவிட்டது. தம்பி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான், விசிலும் ஊதியாகிவிட்டது, அதற்கப்புறமும் என் வீட்டுக்காரர் காலை விடாமல் முறுக்கினார் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் பேச்சு. தொடவே இல்லை, விசில் பிறகுதான் வந்தது என்பது இந்த ஊர்ப் பேச்சு. நடுவர் பாவம், வெளியூர் ஆள், பயத்தில் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. அப்போது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் காட்டி, "அந்தப் பொண்ணு கோட்டுக்கு நேராத்தான உக்காந்திருந்துச்சு? அது ரெண்டு பேருக்கும் வேண்டியது. அது சொல்லட்டும்" என்றார்.

இரண்டு ஊரும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தம்பியின் தலை என் மடியில். எதிரே என் வீட்டுக்காரர் நிற்கிறார். நான் என்ன சொல்ல? "புள்ள அழுதுச்சு. நான் குனிஞ்சிருந்தேன். பாக்கல" என்றேன். சத்தியமாக அதுதான் உண்மை.

ஒருவரும் நம்பவில்லை. "புருசன் பக்கம் சாஞ்சிட்டியேடி, பாவி" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "அவன் பண்ணலன்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வரலியே. புருசனயே வுட்டுக்குடுத்துட்டியே" என்று மாமியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொதுவான ஆளாக உட்கார்ந்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

தம்பியைக் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், ஓடுவது கஷ்டம் என்றார்கள். செலக்‌ஷன் நாளன்று அவன் கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். என் வீட்டுக்காரர் தினமும் கடலூருக்கு பஸ் ஏறி வந்து வார்டு வாசலில் நிற்பார். அம்மா உள்ளே விடமாட்டாள். "என் புள்ள கால எடுத்தவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்பாள். தம்பிதான், "மாமா வேணும்னு பண்ணலம்மா, வுடும்மா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்வான். அவர் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை நர்ஸம்மா கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

ஒரே ஒரு தடவை அவர் என்னிடம் கேட்டார். "நெசமாவே நீ பாக்கலியா?" இல்லை என்றேன். "விசில் சத்தம் எனக்குக் கேக்கல. ஆனா கேக்காம இருந்துச்சா, இல்ல கேட்டும் வுடலியான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நீ பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் திடல் பக்கமே போகவில்லை. போட்டி நாளன்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வண்டிகூட வராமல் உட்கார்ந்திருப்பார்.

மூன்று பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. சீர் வராத வீட்டு வாசலைத் தெருவே எப்படிப் பார்க்கும் என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தம்பி பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் மூட்டைகளுக்கு எடை போடுகிற வேலைக்குப் போனான். உட்கார்ந்தே செய்கிற வேலை. என் தம்பி, ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க முடியாதவன்.

2012 பொங்கலுக்கு அவனே வந்தான். அம்மாவிடம் சொல்லாமல், தன் சம்பளத்தில் புடவை, அரிசி, வெல்லம் எல்லாம் வாங்கி, இரண்டு பஸ் மாறி, கரும்பை ஊன்றிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். எனக்கு அழுகை தாங்கவில்லை. அவன், "இன்னாக்கா, சீர் கொண்டாந்தா அழுவுற? பத்தலியா?" என்று கிண்டல் பண்ணினான். அன்றைக்கும் அதே இரண்டு ஊருக்குத்தான் போட்டி. இந்த ஊர் டீமில் ஒரு பையனுக்குக் காய்ச்சல், ஆள் குறைகிறது என்று பசங்கள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட வந்தார்கள். முடியாது என்றார். தம்பி விடவில்லை. "போங்க மாமா. நானும் வரேன்" என்றான்.

திடலுக்குப் போனோம். தம்பி நேராக இந்த ஊர்ப் பக்கம் வந்து, என் மாமியாருக்கும் எனக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தான். எதிர்ப்பக்கம் அவனோடு ஆடிய பசங்கள் எல்லாம் இருந்தார்கள். "இங்க வாடா" என்று கூப்பிட்டார்கள். இவன் கையை மட்டும் காட்டினான். "பாருடா, டீம் மாறிட்டான். காலயும் ஒடச்சிக்கிட்டு அவனுங்களுக்கே கை தட்டப் போறான்" என்று ஒருவன் சத்தமாகவே சொன்னான். தம்பி காதில் வாங்கவில்லை.

ஆட்டத்தில் என் பிறந்த ஊர்ப் புதுப் பையன் ஒருவன் ரைடு வந்தான். திரும்பும்போது இவர் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தார். நல்ல பிடி. நான் இந்தத் தடவை குனியவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிடித்த கை அப்படியே தளர்ந்தது. பையன் உதறிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டான். என் பக்கத்தில் தம்பி ஒற்றைக் காலில் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினான். "மாமா! ஏன் வுட்டீங்க? புடிங்க மாமா, புடிங்க!"

அவர் திரும்பி இவனைப் பார்த்தார். அப்புறமும் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு தடவையும் பிடித்து விட்டுவிட்டார். இந்த ஊர் டீம் தோற்றது. யாரும் அவரைத் திட்டவில்லை.

சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏன்டா, எனக்காகத்தான் இந்தப் பக்கம் வந்து உக்காந்தியா? இல்ல மாமாவுக்காகவா?"

 அவன் சொன்னான். "அதெல்லாம் இல்லக்கா. நம்ம ஊரு பக்கம் உக்காந்தா எல்லாரும் ஆட்டத்த வுட்டுட்டு என் காலத்தான் பாக்குறாங்க. உச்சு கொட்டுறாங்க. இந்த ஊர்க்காரங்க என் காலப் பாக்கக் கூசிக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. இங்கதான் நிம்மதியா மேட்ச் பாக்க முடியுது."

பஸ் வந்தது. அவன் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறினான். என் வீட்டுக்காரர் கீழே நின்று அவனைத் தாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், ஆனால் தொடவில்லை.

டிவியில் கிரிக்கெட் ஓடும்போது, ஒரு டீமை விட்டு இன்னொரு டீமுக்குப் போனவனைத் துரோகி என்று என் பையனும் அவன் சிநேகிதர்களும் திட்டித் தீர்ப்பதைக் கேட்பேன். நான் மட்டும், விட்டுவந்த பக்கத்தில் அவனை எப்படிப் பார்த்தார்களோ என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போய்விடுகிறேன்.