இரண்டு முறை வந்த ஒன்றரை மணி

பூண்டியில் சிவபாக்கியத்தின் வீட்டில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று நம்ம மணி. இன்னொன்று மதி மணி. மகள் தமிழ்மதி இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன வருஷம், அந்த நாட்டு நேரத்தைக் காட்ட வாங்கியது அது. அவள் தூங்கும் நேரம் தெரியாமல் போன் போட்டு எழுப்பிவிடக் கூடாதே என்று சிவபாக்கியமே கொடைக்கானல் வரை போய் வாங்கி வந்து மாட்டினாள்.

மாட்டியதோடு சோலி முடியவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை அதைக் கழற்ற வேண்டும். பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். ஐப்பசியில் ஒரு ஞாயிறு, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அதைத் திரும்பவும் ஒன்று ஆக்கிவிடுவார்கள். முதல் தடவை மகள் சொன்னபோது சிவபாக்கியம் நம்பவில்லை.

"நாடு மொத்தமுமா? ஒரு வீடு விடாமயா?"

"ஆமாம்மா."

வாய்க்கால் தூர்வார ஒரு நாள் குறித்தால், பத்து வீட்டில் நாலு வீடு வராத ஊர் இது. ஒரு நாடே சொல்லிவைத்தாற்போல் மணியைத் திருப்புகிறது என்பதை இரண்டு நாள் வாயில் போட்டு மென்றுகொண்டே களை எடுத்தாள்.

சிவபாக்கியம் பிறந்தது வடகவுஞ்சி. கல்யாணமாகி வந்த வீடு தகரக் கூரை. ஆடிக் காற்றுக்குத் தகரம் தூக்கும் என்று மேலே கல் அடுக்கியிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டால் ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்து, மிச்ச இடத்தில் மதியைப் படுக்கவைப்பாள். பூண்டு நட்டாள், பூண்டு பிடுங்கினாள், தாள் கிள்ளிக் கட்டுப் போட்டாள். விரல் இடுக்கில் ஏறிய வாடை சோப்புக்குப் போகாது. அந்தப் பூண்டில்தான் மதி படித்தாள். இப்போது மதியின் சம்பளத்தில் காங்கிரீட் வீடு எழும்பியிருந்தது.

குடிபோகும் நாளுக்கு மதிக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பால் பொங்குறத நான் பாக்கணும்மா. வீடியோ எடுத்து அப்புறமா அனுப்புற வேலை வேணாம். பொங்குறப்ப பாக்கணும்."

"நீ பாக்காம பால் பொங்காதுடி" என்று வாக்குக் கொடுத்திருந்தாள் சிவபாக்கியம்.

ஐயர் குறித்துக் கொடுத்தது ஐப்பசியில் அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல். சனிக்கிழமை சாயங்காலமே சிவபாக்கியம் புது வீட்டுச் சுவரில் இருந்த மதி மணியைப் பார்த்தாள். அதற்கும் நம்ம மணிக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, போனில் பேசிப் பதிந்து அனுப்பினாள்: "ஆத்தா, உன் மணிக்கு ஒண்ணரை. மறந்துராத." மதிக்கு அன்று ராத்திரி ஷிஃப்ட். வார்டு பலகையில் தன் பெயருக்கு நேராக அரை மணி ஓய்வை ஒன்றரைக்கு எழுதிவைத்துவிட்டாள்.

ஞாயிறு வெள்ளனே புது வீட்டுக் கூடத்தில் ஹோமப் புகை நிறைந்திருந்தது. பசுவையும் கன்றையும் படியேற்ற சிவபாக்கியத்தின் புருஷன் அழகுமலை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அடுப்புக்குச் செங்கல் மட்டும்தான் வைத்திருந்தார்கள். நம்ம மணி ஆறு. போன் அடித்தது.

"எம்மா, பால் வச்சாச்சா? மணி ஒண்ணரை ஆயிருச்சு. ஓடி வந்து உக்காந்திருக்கேன்."

சிவபாக்கியம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். "உன் மணி பன்னெண்டரைன்னுல்ல காட்டுது?"

"யாரும்மா அத இப்பவே திருப்பி வச்சது? இன்னும் அரை மணி கழிச்சுத்தான் திருப்பணும்! அதுவரைக்கும் நாலரை மணிதான் வித்தியாசம்!"

அழகுமலை பசுவின் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். நாளைக்கு ஏற்ற வேண்டிய மூட்டையை இன்றைக்கே தைத்துவைக்கிற ஆள். லாரி வரும் ஊரில் அப்படித்தான் வழக்கம். "நாந்தான் நேத்து சாயங்காலமே திருப்பி மாட்டினேன். விசேச வீட்டுல எவன் ஸ்டூல் போட்டு ஏறுறது?"

"ஏலே அழகுமலை" என்றாள் அவருடைய அக்கா ராக்காயி. "வெள்ளக்காரன் திருப்புறதுக்கு முந்தி நீ திருப்பிப்புட்டியாக்கும்? அந்த நாட்டுக்கே நீதான் துரை போ!"

"சும்மா இருங்க மதினி" என்ற சிவபாக்கியம் ஐயரிடம் திரும்பினாள். "சாமி, இப்பவே பால் வச்சிரலாங்களா? புள்ளைக்கு அரை மணிதான் ஓய்வு."

"ஏழுக்கு முந்தி வேண்டாம்மா. நல்ல நேரம் இல்ல."

போனில் மதிக்கும் அது கேட்டது. புது வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். சமையல்கட்டு மேடை, சன்னல், மாடிப்படி எல்லாவற்றையும் பார்த்தாள். "சரிம்மா, ஓய்வு முடியப்போகுது. வீடியோ எடுத்து அனுப்பு" என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அடுத்த நொடி திரையில் ஆள் இல்லை.

சிவபாக்கியம் புருஷனைத் திட்டவில்லை. திட்டுகிற வேலையை ராக்காயி செய்துகொண்டிருந்தாள். கொடுத்த வாக்கு பொய்யாகிறதே என்றுதான் சிவபாக்கியத்துக்கு இருந்தது. நம்ம மணி ஏழைத் தொட்டு ஐயர் கைகாட்டியதும் எழுந்து புது மண்பானையை வைத்து, பாலை ஊற்றி, விறகைப் பற்றவைத்தாள். வெயில் கிழக்குச் சன்னல் வழியாக வந்து பானைமேல் விழுந்தது.

பானை ஓரத்தில் நுரை கட்டும் நேரத்தில் போன் மறுபடியும் அடித்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். மதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா! இங்க மறுபடியும் ஒண்ணரை!"

"என்னடி சொல்ற?"

"ரெண்டு அடிக்க வேண்டியது ஒண்ணாயிருச்சுல்ல. இப்ப திரும்பவும் ஒண்ணரை ஆயிருச்சு. இன்னைக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. எங்க பெரிய நர்ஸ் கடியாரத்தப் பாத்தாங்க, பலகையப் பாத்தாங்க. 'உன் பேருக்கு நேரா ஒண்ணரைன்னு எழுதியிருக்கு, மணியும் ஒண்ணரை ஆச்சு, இங்க என்ன பண்ற, போ'ன்னுட்டாங்க!"

"அதே ஒண்ணரையா?"

"அதேதாம்மா."

சிவபாக்கியம் போனைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். போன நேரம் போனதுதான் என்று இருந்தவள் அவள். உறைபனியில் ஒரே ராத்திரியில் கருகிப்போன உருளைச் செடி, கண்ணெதிரே வளைவு தாண்டிப் போன கடைசி பஸ், அம்மா கண்ணை மூடியபோது இவள் காட்டில் நின்ற அந்தச் சாயங்காலம். எதற்கும் இன்னொரு தடவை என்று யாரும் கொடுத்ததில்லை. இங்கே ஒரு நாடு கூடிப் பேசிக் கடந்துபோன நேரத்தைத் திரும்பக் கூப்பிட்டு, அதில் இவள் மகளை உட்காரவைத்திருக்கிறது.

"ஏ பாக்கியம், போனத் திருப்புடி, பால் எந்திரிக்குது!" என்று ராக்காயி கத்தினாள்.

திருப்பினாள். பால் எழும்பியது. விளிம்பு வரை வந்து ஒரு கணம் அப்படியே நின்றது. மதி மூச்சை இழுத்துப் பிடித்தது போனில் கேட்டது. பிறகு கிழக்கு ஓரமாகப் பொங்கி வழிந்து, தீயில் விழுந்து சீறியது.

ராக்காயி குலவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். புதுச் சுவர்களில் அது மோதி இரட்டிப்பாய்க் கேட்டது. நோயாளிகள் தூங்குகிறார்களே என்று மதி அவசரமாகப் போனின் சத்தத்தைக் குறைத்தாள். அப்புறம் வாயருகே கையை வைத்து, அத்தை செய்வதுபோலவே, சத்தம் வெளியே வராமல் நாக்கை அசைத்தாள்.