மல்லாட்டை கேம்ஸ் தென்னரசு

விழுப்புரத்தில் திண்டிவனம் வண்டி கிளம்புகிற நேரத்தில் ஓடிவந்து ஏறினாலும், தென்னரசு காலி சீட்டில் போய் உட்கார மாட்டான். யார் பக்கத்தில் உட்கார்ந்தால் காரியம் ஆகும் என்று ஒரு நோட்டம் விடுவான். காதில் ஒயர் மாட்டியவர்கள் வேண்டாம், தூங்கி வழிகிறவர்களும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பிடித்து, முண்டியம்பாக்கம் வருவதற்குள் தன் போனை அவர் கையில் திணித்துவிடுவான். "சும்மா வெளையாடிப் பாருங்க" என்பதோடு சரி. அதற்கப்புறம் அவன் வாயில் கொழுக்கட்டை.

அது அவன் சுபாவம் இல்லை, கம்பெனிக் கொள்கை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திண்டிவனத்தில் ஓர் உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை. மூன்று நாற்காலிகளில் ஒன்றுக்குக் கைப்பிடி கிடையாது, அது முதலாளி தென்னரசுவுடையது. பெயர் மல்லாட்டை கேம்ஸ்; அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். புரோகிராம் எழுதுவது புகழேந்தி, படம் வரைவது இளவரசி. நீ என்ன செய்கிறாய் என்று கேட்டால் தென்னரசு கூச்சமே இல்லாமல் சொல்வான்: "நான் கொள்கை வகுக்கறங்க. ரெண்டு பேரு செய்யற வேலைய நிறுத்தி வெக்க ஒரு ஆளு வேணும் இல்ல?"

மூன்று வருஷமாக இவர்கள் செய்துகொண்டிருக்கும் ஒரே விளையாட்டின் பெயர் 'மடை'. மோட்டார் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. விரலால் இங்கே ஒரு மடையைத் திறந்து, அங்கே ஒன்றை அடைத்து, எல்லாப் பாத்திக்கும் பாய்ச்ச வேண்டும். யாரையும் சுட வேண்டாம், துரத்த வேண்டாம். விளம்பரம் வராது. இரண்டு நாள் தொடவில்லை என்றால் மணியடித்துக் கூப்பிடாது. எப்படி ஆடுவது என்று எங்கேயும் ஓர் எழுத்துகூட இருக்காது. "சொல்லிக்குடுத்தாதான் புரியும்னா அது நம்ம தப்பு" என்பது தென்னரசுவின் கட்சி. பக்கத்து சீட்டுக்காரர் தப்பான மடையைத் திறந்து தண்ணீரெல்லாம் ரோட்டில் ஓடினாலும், இவன் பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்னொரு கொள்கையும் உண்டு. கம்பெனியைக் கவிழ்த்தது அதுதான். விளையாட்டு யாருடைய நேரத்தையும் திருடக் கூடாதாம். அதனால் கால் மணி நேரம் ஆனதும் திரையில் பொழுது சாயும், மெல்ல இருட்டும். போதும், எழுந்து உன் வேலையைப் பார் என்று அர்த்தம். என்ன நாகரிகம், என்ன நயம் என்று அவனே தன் முதுகைத் தட்டிக்கொண்டான். பஸ்ஸில் ஆடிய அத்தனை பேரும் சரியாக அந்த இடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். "சார்ஜ் எறங்கிப்போச்சு தம்பி, வூட்டுக்குப் போயி போட்டுக்க" என்றார் ஒருவர்.

"நம்மளுது ரொம்ப மரியாதையான கேமுங்க. வந்தவங்கள வாசல் வரைக்கும் கொண்டாந்து வுட்டு, கதவையும் சாத்திக்கும்" என்று டீக்கடையில் தன்னையே கிண்டல் செய்துகொள்வான். அந்த இருட்டை எடுத்துவிடலாம் என்று புகழேந்தி கெஞ்சினால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். எடுக்க மாட்டான்.

இந்த வாரம் அந்தக் கிண்டலும் குறைந்துபோயிற்று. இளவரசிக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. சீட்டாட்ட ஆப் ஒன்றுக்குத் தங்கக் காசு மழையாகக் கொட்டுகிற மாதிரி வரைய வேண்டும், திங்கட்கிழமை சேர வேண்டும். அவளுக்குப் போக மனசில்லை. ஆனால் யாருமே முடிக்காத ஒரு விளையாட்டுக்கு எத்தனை நாள்தான் வரப்பு வரைந்துகொண்டிருப்பாள்?

"அண்ணா, யாரோ ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, நீங்க சொல்லிக்குடுக்காம மொத வயல முழுசா பாய்ச்சி முடிக்கட்டும். பாத்தேன்னு நீங்க சொன்னா போதும், நான் போகல" என்றாள்.

அவன் பொய் சொல்ல மாட்டான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவள் போனால் உரக்கடை மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்பதில் அவனுக்கும் சந்தேகம் இல்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் பஸ்தான். கண்டக்டர்கள் அவனை ஏதோ சீட்டுக் கம்பெனி ஏஜெண்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை அவனுக்கு வாய்த்தவர் மடியில் கட்டைப்பையும் அதில் முருங்கைக்கீரையுமாக ஓர் அம்மா. கூட்டேரிப்பட்டுக்கு டிக்கெட் எடுத்தார். போனைக் கொடுத்ததும், "எனக்கு இதெல்லாம் வராது தம்பி" என்றார். வரவும் இல்லை. முதலில் திறந்த மடையில் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்ந்தது. "அடப்பாவி, அவங்களுக்கு எதுக்குப் பாயுது" என்று அவசரமாக அடைத்தார். அதற்கப்புறம் தலை நிமிரவில்லை. விக்கிரவாண்டி வந்தது, போனது. டோல்கேட்டும் போனது. திரையில் பொழுது சாய்ந்தது. போனை வாங்கிக்கொள்ளத் தென்னரசு கையை நீட்டினான்.

அந்த அம்மா போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். "இருட்டிக்கினு வருது. ரெண்டு பாத்தி காயுதே, அப்டியேவா வுட்டுட்டுப் போறது" என்று முனகிக்கொண்டே அடுத்த மடையைத் திறந்தார். நீட்டிய கையை அவன் மடக்கிக்கொண்டான். மூன்று வருஷத்தில் அந்த இருட்டைத் தாண்டிய முதல் ஆள் இவர்தான். அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா ஊர் வர வேண்டும்? "கூட்டேரிப்பட்டு எறங்கு, ஜல்தி ஜல்தி" என்று கண்டக்டர் விசில் அடித்தார். அந்த அம்மாவுக்குக் காதில் விழவே இல்லை. சொன்னால் ஆடுகிறவரிடம் வாய் திறந்தாகிவிடும். சொல்லாவிட்டால் அவருடைய நேரத்தோடு ஊரையும் சேர்த்துத் திருடியதாகிவிடும். இரண்டு கொள்கையும் ஒரே சமயத்தில் சட்டையைப் பிடித்தால் மனுஷன் என்ன செய்வான்? கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, படியில் இறங்கினான். மடி காலியானதும் அவரும் எழுந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பையின் பின்னால் இறங்கினார்.

வண்டி போய்விட்டது. மயிலம் ரோட்டோரம் வெயில் சுள்ளென்று அடித்தது. "ஒண்ணும் தெரியலையே" என்று அந்த அம்மா போனை இப்படியும் அப்படியும் திருப்பினார். தெரியாதுதான். முதலாளி ஆசை ஆசையாய் வைத்த இருட்டு அல்லவா? தென்னரசு வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, அவருக்கு எதிரே நெருங்கி நின்றான். நிழல் விழுந்ததும் திரை தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு பாத்தி. தண்ணீர் வாய்க்காலில் பாதி தூரம் வந்திருந்தது.

"பொண்ணு வூட்டுக்குப் போறேன், மயிலத்துக்கு. பஸ்ஸு வந்தா சொல்லுப்பா" என்றார் நிமிராமல். அவன் தலையை ஆட்டினான்.

மினி பஸ் ஒன்று பாட்டுச் சத்தத்தோடு அவன் முதுகுக்குப் பின்னால் வந்து வேகத்தைக் குறைத்தது. "மயிலம், மயிலம்" என்று ஒரு குரல் கூப்பிட்டது. தென்னரசு நிழலைக் கொஞ்சமும் நகர்த்தாமல், இடது கையை மட்டும் முதுகுப் பக்கம் கொண்டுபோய், 'போ, போ' என்று காட்டினான்.