சுமைராவின் கார்டில் விட்டுப்போன கடை

பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் ஒன்றுதான். மாப்பிள்ளை பெயரில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போகாமல் இருந்தால் போதும், பெண் யார், ஊர் எது என்று யாருக்கு வேண்டும்? சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுமைரா இத்தனை வருஷமாக அடித்துத் தள்ளிய பத்திரிகைகளில் பிள்ளையாரும் வந்தார், பிறையும் வந்தது, சிலுவையும் வந்தது. 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற வரியை அவளிடம் தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும், எந்த எழுத்தில் வேண்டும், தங்க மையா சிவப்பு மையா என்று கேட்டிருப்பாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் கல்யாணம் என்று வந்ததும் தலைகால் புரியவில்லை.

சுமைரா விருதுநகர்க்காரி. அத்தா சம்சுவுக்குப் பருப்பு மண்டியில் வேலை. பன்னிரண்டாவது முடித்த கையோடு டி.டி.பி. படித்துவிட்டு, அன்றிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போய்வருகிறாள். வேலையில் கெட்டிக்காரி. அதைவிடக் கெட்டிக்காரி சாப்பாட்டில். எந்தக் கடையில் எந்த நேரத்துக்கு வடை சட்டியில் விழும், எந்த மாஸ்டர் லீவு போட்டால் சால்னா தண்ணீராகிவிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. சும்மா இருக்கவும் மாட்டாள். ஆர்டர் கொடுக்க வந்த வெளியூர்க்காரரிடம் பேப்பர் அளவைக் கேட்பதற்கு முன்னால், "சாப்பிட்டீகளா? எங்கன சாப்பிட்டீக? ஐயையோ, அங்கன ஏன் போனீக?" என்று ஆரம்பித்துவிடுவாள். முதலாளிக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. வயிறு நிறைந்து திரும்பி வந்தவர்கள் மறு வருஷமும் அவளைக் கேட்டு வந்ததைப் பார்த்தபிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை தவுபிக் சிவகாசிக்காரன். காலண்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை. பாதி வருஷம் ஐதராபாத், நாக்பூர் என்று ரயிலிலேயே குடித்தனம் பண்ணுகிறவன். தீபாவளி லோடும் காலண்டர் சீசனும் முடியாமல் சிவகாசியில் யாரும் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அதனால் ஜனவரிக் கடைசியில் நிக்காஹ் என்று முடிவானது. நிச்சயம் ஆனபிறகு இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பரோட்டா.

"எண்ணெயில முக்கிப் பொரிச்சு எடுத்தாத்தான் பரோட்டா. உங்க ஊர்ல கல்லுல காயப்போட்டுத் தாராக," என்பாள் சுமைரா.

"நீ இன்னும் எங்க ஊர்ல சரியான கடைக்கு வரலை. கல்யாணம் முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்," என்பான் அவன்.

"வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன். மாப்பிள்ளைங்கிறதுக்காக எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது."

தவுபிக்குக்கு ஊர் ஊராகச் சிநேகிதர்கள். ஐதராபாத்திலிருந்து ஒரு வேன் நிறைய, நாக்பூரிலிருந்து குடும்பத்தோடு இரண்டு வியாபாரிகள், சென்னையிலிருந்து சுமைராவோடு படித்த பெண்கள் எல்லாரும் வருகிறேன் என்றார்கள். ஒருவர் தவுபிக்கிடம், உங்கள் ஊரில் வெடியை எல்லாம் ரோட்டில்தான் காயப்போடுவார்களாமே என்று கேட்டாராம். இன்னொருவர், விருதுநகரில் பார்க்க என்ன இருக்கிறது, வெயில்தானே என்றாராம். அதைக் கேட்டதும் சுமைராவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தாள்.

அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கார்டு. கையகல அட்டை, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். மேலே 'எங்கள் இருவருக்கும் பிடித்த கடைகளும் இடங்களும்'. விருதுநகரில் தெப்பக்குளத்துப் பக்கம் எண்ணெய் பரோட்டா, சாயங்காலம் போனால்தான் சூடு. சிவகாசியில் தவுபிக் சொன்ன கடை (அவளுக்கு அரை மனசுதான்). ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலிக்கும்போது பால்கோவா. மலையடிவாரம் வேண்டுமென்றால் செண்பகத்தோப்பு. சாத்தூரில் இறங்கிக் காராச்சேவு. கடைசியில் பொடி எழுத்தில்: பட்டாசு ஆலைக்குள் யாரையும் விட மாட்டார்கள், கேட்டில் நின்று கெஞ்ச வேண்டாம். கடையில் வாங்கிய பட்டாசோடு ரயில் ஏறவும் வேண்டாம்.

வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அச்சுத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஷீட்டில் ஓரம் மிஞ்சினால் பொறுக்காது. கல்யாணப் பத்திரிகையை ஷீட்டில் அடுக்கியபோது ஓரத்தில் கையகல இடம் மிஞ்சியது. சுமைரா அந்தக் கார்டை அங்கே சொருகினாள். ஆக, எத்தனை பத்திரிகையோ அத்தனை கார்டு வந்து விழுந்தது. பளபளவென்று மை மணக்க, தவுபிக் பெயரோடு சேர்ந்து தன் பெயரும் இருக்கிற கார்டு. தூக்கிப் போட மனசு வருமா? இருக்கிற சந்தோஷத்தில் எல்லாக் கவருக்குள்ளும் ஒன்று ஒன்றாகப் போட்டு ஒட்டிவிட்டாள்.

பத்திரிகை போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே கேலி ஆரம்பித்தது. தெருவில் ஒரு பெரியவர், "எந்தக் கடையிலம்மா எங்களுக்குப் பந்தி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சுமைராவும் சிரித்தாள். அன்று மத்தியானம் அம்மா நசிமா போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"எங்கண்ணன் வரமாட்டாகளாம்," என்றாள் நசிமா. "கல்யாண வீட்டுல ஒலை வைக்கலயா நசிமா, வாரவுகளக் கடை கடையா ஏறி எறங்கச் சொல்லிச் சீட்டு அடிச்சிருக்கீக, நாங்க அம்புட்டுக்கு இளப்பமாப் போயிட்டமா, நீங்களே நடத்திக்கிடுங்கன்னுட்டுப் போனை வச்சுட்டாக."

இந்தப் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு வந்தவர் கை நனைக்காமல் போனால் அதைவிடக் கேவலம் கிடையாது. பந்தியில் பிரியாணி பற்றாமல் போனதை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு சுமைரா, போய்க் கடையில் சாப்பிடு என்று அட்டை அடித்துக் கொடுத்திருக்கிறாள். அதுவும் யாருக்கு? அம்மாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன், சாத்தூர் அப்துல் ஹக்கீம் மாமாவுக்கு. நிக்காஹ் அன்று சாட்சிகளோடு உள்ளே வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்கிற வக்கீலாக அவர்தான் வர வேண்டும் என்று பெண் பேசிய அன்றே அத்தா சொல்லிவிட்டார்.

"அவுக வந்து கேக்காம நீ யாருக்குச் சம்மதம் சொல்லுவ?" என்று கேட்டுவிட்டு நசிமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குமேல் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சுமைரா வேலைக்குப் போகவில்லை. சாத்தூர் பஸ் ஏறினாள். சின்ன வயசில் சனிக்கிழமை தவறாமல் அம்மாவோடு ஏறிய பஸ்தான். அப்போதெல்லாம் இறங்கியதுமே மாமாவின் பரோட்டாக் கடைக்கு ஓடுவாள். கல் சூடாகிவிட்டதா என்று பார்க்க மாமா முதலில் உள்ளங்கை அளவில் ஒரு குட்டிப் பரோட்டா போடுவார். அது அவளுக்கு. அதற்காகவே அவள் வாரம் பூராவும் காத்திருப்பாள். இன்றைக்கு மெதுவாக நடந்தாள்.

மத்தியானக் கூட்டம் கலைந்து கடை காலியாக இருந்தது. மாமா சாயங்காலத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். கல்லுக்கு அடியில் தீயைக் கூட்டினார். ஓர் உருண்டையைக் கிள்ளி, வீசி, சுருட்டிக் கல்லில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் முன்னால் இலைத்துண்டில் ஒரு குட்டிப் பரோட்டா வந்து விழுந்தது. இவ்வளவு கோபத்திலும் இதை மறக்கவில்லையே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெளியூர்க்காரவுகளுக்குன்னு அடிச்சது மாமா," என்று ஆரம்பித்தாள். ஷீட்டு, ஓரம், மிஞ்சின இடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "நாலு தேக்சா பிரியாணிக்குச் சொல்லியிருக்கு. நீங்க வந்துதான் மொதப் பந்தியத் தொறந்து வைக்கணும்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா. மாவைத் திருப்பிப் போட்டு அறைந்தார். "அதுல சாத்தூர்னு போட்டிருக்கல்ல."

"ஆமா மாமா."

"சேவுக் கடையப் போட்டிருக்க."

"ஆமா."

"அந்தச் சேவுக் கடை வாசல்ல நின்னு கூப்பிட்டா இங்கன கேக்கும்." அவர் குனிந்து மாவைப் பிசைந்தார்.

உள்ளேயிருந்து மாமி சம்சாத் வெங்காயத் தட்டோடு வந்தாள். "இந்த மனுசன் அந்தக் கார்டை எடுத்து எடுத்து வாசிச்சு, மூலை எல்லாம் நைஞ்சு போச்சு. பந்தியாம் ஒலையாம். அதெல்லாம் சும்மா பேச்சு," என்று சொல்லிவிட்டுக் கல்லாப் பக்கம் கையைக் காட்டினாள். கல்லாவுக்கு மேல் ஆணியில் கார்டு குத்தியிருந்தது.

சுமைராவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் உள்ள கடை எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பிடித்த கடை என்று உட்கார்ந்து யோசித்தபோது இந்தக் கடை அவள் நினைப்பிலேயே வரவில்லை. ஏன் வரவில்லை என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

"கடைன்னு தோணவே இல்லையே மாமா. காசு குடுத்துச் சாப்பிட்டாத்தான கடை? நான் இங்கன என்னைக்காச்சும் காசு குடுத்திருக்கனா? நம்ம வீட்டு அடுப்பங்கரைய யாராச்சும் கார்டுல போடுவாகளா?"

மாமா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. பிசையவும் இல்லை. மாமி வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"அதெல்லாம் பேச நல்லாத்தான் இருக்கு," என்றார் மாமா கடைசியில். "வாரவுகளுக்கு எப்படித் தெரியும்? கார்டுல எழுது."

சுமைரா ஆணியிலிருந்து கார்டை எடுத்து, சேவுக் கடைக்குக் கீழே பேனாவால் எழுதினாள்: ஹக்கீம் மாமா கடை, குட்டிப் பரோட்டா. அவர் தூர இருந்தே எழுத்துக்கூட்டி வாசித்தார். "மாப்பிள்ளைட்டச் சொல்லு. முந்துன நாள் சாயங்காலம் அம்புட்டுப் பேரையும் இங்கன கூட்டிட்டு வரட்டும்," என்றவர், மாமி பக்கம் திரும்பி, "வெள்ளைச் சட்டையத் தேச்சு வையி," என்றார். வருகிறேன் என்று அவர் வாயால் சொன்னது அவ்வளவுதான். சுமைராவுக்கு அது போதும். திரும்பி வரும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் சாத்தூரிலேயே நல்ல பரோட்டா எங்கே கிடைக்கும் என்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அவள் கைநிறைய மருதாணியோடு அசையாமல் உட்கார்ந்திருக்க, தங்கச்சி போனைக் காதில் பிடித்தாள். மாமா கடையிலிருந்து தவுபிக் பேசினான். பின்னால் ஒரே இரைச்சல். ஐதராபாத் வேன் காலையிலேயே மலையடிவாரம் போய், பால்கோவாவும் முடித்து வந்திருந்தது. "நாக்பூர்க்காரர் பிள்ளைக ஆளுக்கு ஏழு குட்டிப் பரோட்டா. உங்க மாமாவுக்கு வேர்த்து ஊத்துது, ஆனா ஒக்காரச் சொன்னா ஒக்கார மாட்டேங்காக," என்றவன் கொஞ்சம் நிறுத்தி, "நீ சொன்னதை ஒத்துக்கிடுறேன். எங்க ஊர்க் கடைய விட இது நல்லாத்தான் இருக்கு," என்றான். சுமைராவுக்கு நிக்காஹே முடிந்துவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் காலை மாமா வெள்ளைச் சட்டையில், சாட்சிகளோடு உள்ளே வந்தார். நசிமா அண்ணனைப் பார்த்தபடியே நின்றாள். இன்னாரின் மகன் தவுபிக்குக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று மாமா முறைப்படி கேட்டார். சம்மதம் என்றாள். பதிவேட்டை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். சாட்சிகள் பதிவேட்டோடு வாசல் பக்கம் திரும்பியதும், மாமா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் மடியில் வைத்தார். மூலை நைந்த கார்டு.

"ஐதராபாத்துக்காரர் பர்ஸை எடுத்து நீட்டுனாரும்மா," என்றார் மெதுவாக. "ஒருத்தர்ட்டயும் காசு வாங்கக் கை வரலை. நீ சொன்னதுதான் சரி. நம்ம பேரை இதுலேருந்து அடிச்சிரு."

கையெழுத்துப் போட்ட பேனா இன்னும் அவள் கையிலேயே இருந்தது. சுமைரா முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் அந்த வரியை அடித்தாள்.