சத்தார் பாய் சொன்ன பீரங்கி

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பிரிப்பவர் சத்தார். பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து உள்ளங்கையால் தடவுவார். உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல், எதுவும் தப்பாது. அவர் முதல் தரம் என்றால் முதல் தரம்தான், மறுபேச்சு கிடையாது. அந்த மரியாதை மனிதரைக் கொஞ்சம் கெடுத்தும் வைத்திருந்தது.

கேட் அருகே ஒரு பழைய இரும்புப் பீரங்கி, வாய் மண்ணுக்குள் புதைந்து தலைகீழாக நிற்கும். லாரி சுவரில் இடிக்காமலிருக்க யாரோ என்றோ நட்டது. தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சத்தார் அதன் கதையைச் சொல்வார்: 1749 ஆம்பூர்ப் போரில் முழங்கியது, பின்முனை வளையம் மாடு பூட்டி இழுக்க. யார் சொன்னது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திணறியிருப்பார். மாடு அவராகவே சேர்த்துக்கொண்டது.

முதலாளி மகள் ஹஃப்ஸா நிர்வாகத்துக்கு வந்ததும் இந்தக் கதையைக் கல்லில் பொறிக்கக் கொடுத்தாள். கீழே சத்தாரின் பெயரும் வரும். மனிதருக்குக் கால் தரையில் படவில்லை. பீரங்கியின் பழைய பெயின்டைத் தானே சுரண்டினார். பெயின்டுக்கு அடியில் ஒரு கிரீடமும் மூன்று எண்களும் தெரிந்தன. அவற்றையும் கல்லில் போடலாமே என்று படமெடுத்துக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரிக்குப் போனார். அங்கே இருக்கும் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் கோதண்டபாணி, கோட்டை கோட்டையாகப் பீரங்கி பார்த்து அலைந்தவர்.

"நம்பருங்க அதோட எடை, பாய். ஆனா இது கப்பல் பீரங்கி மாதிரி இருக்குது," என்றார் அவர். "இந்த வளையத்துல மொத்தமான கயிறு கோத்துக் கப்பலோட கட்டுவாங்க. சுட்டா பின்னால ஓடும் இல்ல, அதப் பிடிக்க. இந்த மாதிரி வளையம் வந்ததே நீங்க சொல்ற சண்டைக்கு நாப்பது வருஷம் கழிச்சிதான்."

"அப்ப மாடு?"

"மாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

திரும்பும் பஸ்ஸில் சத்தார் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆம்பூரில் யாருக்கும் தெரியாது. சொன்னால், இனி மேசையில் சொல்லும் வார்த்தைக்கு என்ன மதிப்பு? ஆனால் பொய்யை அவர் பெயரோடு கல்லில் வெட்டி வைக்கப்போகிறார்கள். அதை நினைத்தால் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை ஹஃப்ஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் போனைக் கையில் எடுத்தாள்.

"கல்லு வேணாம்னு சொல்லிடறேன் சாச்சா. மத்தியானம் இத்தாலிக்காரங்க வர்றாங்க. போன வருஷம் இந்தக் கதையக் கேட்டுட்டுப் போனவங்கதான். இன்னா பண்றது?"

"நானே சொல்லிடறேன்மா."

சொன்னார். கேட் அருகிலேயே அவர்களை நிறுத்தி, போன வருடம் தான் சொன்னது தவறு, இது கப்பல் பீரங்கி என்றார். அவர்கள் சிரித்தார்கள், கை குலுக்கினார்கள். பிறகு உள்ளே போய் மேசையருகே நின்றார்கள். சத்தார் ஒரு தோலைத் தடவி முதல் தரம் என்றார். அவர்களில் மூத்தவர் தலையாட்டிவிட்டு, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, தானும் அந்தத் தோலைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார்.

சத்தாருக்குச் சுருக்கென்றது. நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.