அம்மாவின் நாற்பதாவது பிறந்தநாள்

அப்பாவுக்கு எந்நேரமும் ஆட்கள் வேண்டும். கண்டியில் காப்புறுதி முகவராக இருந்த அவர் பாண் வாங்க வீதிக்கு இறங்கினால், பாண் காய்ந்துபோகும் நேரத்துக்குத்தான் திரும்பி வருவார். வழியில் கண்டவர்களிடமெல்லாம் சுகம் விசாரித்து, தமிழிலும் சிங்களத்திலும் கதையளந்து, கடைசியில் அவர்களில் ஒருவரைத் தேநீர் குடிக்க வீட்டுக்கும் கூட்டிவந்துவிடுவார். அம்மா தேநீரைக் கொண்டுவந்து வைப்பார், ஒரு சிரிப்புச் சிரிப்பார், குசினிக்குள் போய்விடுவார். பேராதனையில் விதைகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகூடம் ஒன்றில் அம்மாவுக்கு வேலை. நாள் முழுக்க நெல்மணிகளோடு இருந்துவிட்டு வருகிறவருக்கு மனிதர்களோடு பேசத் தெரியாமல் போய்விட்டதாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் அப்பா பக்கம். வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தால் எனக்குத் தலைகால் புரியாது. அதனால்தான், அம்மாவின் நாற்பதாவது பிறந்தநாளை அவருக்குத் தெரியாமல் கொண்டாடப் போவதாக அப்பா சொன்னபோது, பத்து வயதான நான் துள்ளிக் குதித்தேன். எனக்குப் பெரிய பொறுப்பு ஒன்றும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை டவுனுக்கு இழுத்துப்போய், அப்பா போனில் மணியடிக்கும் வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

அதை நான் திறம்படச் செய்தேன். எனக்குச் சப்பாத்து வேண்டும் என்று ஒரு கடைக்கு இரண்டு தரம் அம்மாவை ஏற்றி இறக்கினேன். இடையில் மழை வேறு பிடித்துக்கொண்டது. மார்க்கெட்டில் அம்மா பாரை மீன் வாங்கினார். அப்பாவின் அழைப்பு வந்து, நாங்கள் பஸ்ஸில் திரும்பி, வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் படிகளில் ஏறியபோது அம்மாவின் சேலைக்கரை முழுக்கச் சேறு. தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கையில் மீன் பை.

அம்மா கதவைத் திறந்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். பலூன்கள், கட்லட் வாசனை, கண்ணாடி மேசையில் நீல ஐசிங் பூசிய பெரிய கேக். அப்பாவோடு கந்தோரில் வேலை செய்பவர்கள், அக்கம்பக்கத்தார், கொழும்பிலிருந்து வந்திருந்த சித்தப்பா குடும்பம். சித்தப்பா போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பாட்டுத் தொடங்கிவிட்டது.

அம்மா வாசலில் அப்படியே நின்றார். முகத்தில் வழக்கமான அந்தச் சிரிப்பு வந்தது. பிறகு அது போய்விட்டது. அவர் திரும்பி, ஏறிவந்த படிகளிலேயே இறங்கத் தொடங்கினார்.

முதலில் சிலர் சிரித்தார்கள். அதையும் விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். பாட்டுப் பாதியில் தேய்ந்து நின்றபோது அப்பா என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தை அப்படி நான் அதுவரை கண்டதில்லை. "ஓடிப் போ பிள்ளை, அம்மாவோடை நில்," என்றார். எல்லோருடைய கண்களும் என் முதுகில் இருக்க, நான் படிகளில் ஓடினேன்.

நான் வீதிக்கு வரவும் ஒரு பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அம்மா ஏறினார். நானும் ஏறினேன். தெல்தோட்டைக்குப் போகும் பஸ் அது. தெல்தோட்டையில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை.

"எங்கையம்மா போறம்?"

"தெரியேல்லை," என்றார் அம்மா.

கலஹா வீதியில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முன் ஆசனத்தில் இருந்தவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு யன்னலைத் திறந்தார். நான் அம்மாவிடமிருந்து கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டு, வெட்டப்படாத கேக்கையும், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்பதையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கந்தோர்க்காரர் ஒருவரின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். அவளும் அன்று வந்திருந்தாள்.

அம்மாவின் மற்றப் பக்கத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகிறவள். அவள்தான் முதலில் மீன் என்ன விலை என்று கேட்டாள். அம்மா சொன்னார். அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். முடியவில்லை. அம்மா அவளுடைய கடையைப் பற்றி விசாரித்தார். நாள் முழுக்க நின்றே விற்பதில் கால் வீங்குவதைப் பற்றி, வாடிக்கையாளர் முன்னால் சிரித்துக்கொண்டே இருந்து தாடை வலிப்பதைப் பற்றி அவள் சொல்ல, அம்மா இடையில் புகாமல் கேட்டார். பிறகு அம்மா பேசினார். விதைகளைப் பற்றி, எங்கள் வீட்டைப் பற்றி, ஒருமுறை என்னைப் பற்றியும். எங்கள் உறவினர்களிடம் வருடம் முழுக்கப் பேசியதைவிட அதிகமாக, பெயர் தெரியாத ஒருத்தியிடம் பேசினார். என்னால் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது அம்மா அடுத்துச் சொன்னதுதான்.

"இண்டைக்கு எனக்குப் பிறந்தநாள். வீடு நிறைய ஆக்கள் வந்து நிண்டினம். நான் ஓடி வந்திட்டன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டு மானத்தை வீட்டுக்குள் வைத்திருக்கக்கூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று அழுகை வந்தது.

தெல்தோட்டையில் இறங்கியதும் அம்மா மீன் பையை அவளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பொறந்தநாளு உங்களுக்கு, மீனு எனக்கா?"

அம்மா வற்புறுத்திக் கொடுத்தார். அவள் எங்களை ஒரு தேநீர்க்கடைக்குக் கூட்டிப்போய்த் தேநீரும் பணிசும் வாங்கித் தந்தாள். அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். வழியெல்லாம் அம்மா கண்ணை மூடியபடி இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஆட்கள் போயிருந்தார்கள். ஊரிலிருந்து அவசரமாக ஒரு செய்தி வந்தது, அதுதான் போய்விட்டார் என்று அப்பா அவர்களுக்கு ஏதோ பொய் சொல்லியிருக்கிறார். அதை ஒருவரும் நம்பியிருக்க முடியாது. அப்பா தனியாகக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பஸ்ஸிலை இருக்க இடம் கிடைச்சதோ?" என்று கேட்டார்.

அம்மா தலையாட்டினார்.

"மீன்?"

"குடுத்திட்டன்."

இருவரும் உள்ளே போனார்கள். பிறகு குசினிக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நின்றபடியே கேக்கைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு துண்டை நீட்டினார்கள். நான் வேண்டாம் என்று அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன்.

நான் பயந்தது எல்லாம் நடந்தது. சித்தப்பாவின் வீடியோ குடும்பக் குரூப்பில் போய், யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அம்மா திரும்பி நடப்பதைப் பார்த்தார்கள். வகுப்பில் அந்தக் கந்தோர்க்காரரின் மகள் கதவைத் திறப்பதுபோலச் செய்து, திரும்பி ஓடிக் காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அதைவிட மோசமானது பிறகு தொடங்கியது. அன்று வந்திருந்தவர்களின் வீடுகளுக்கு, ஞாயிறுக்கு ஒரு வீடாக அம்மா போகத் தொடங்கினார். கையில் தானே செய்த பயற்றம் பணியாரம். துணைக்கு நான். அப்பாவும் வருகிறேன் என்று சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் வந்தால் நீங்கள்தான் கதைப்பீர்கள் என்று சொல்லி அம்மா அவரை வீட்டில் விட்டுவிட்டார். நடந்த வெட்கம் போதாதென்று அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமா என்று எனக்கு இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் ஏறினேன்.

முதலில் போனது பக்கத்து வீட்டு மாமியிடம். பிலிமத்தலாவையில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மனைவி அவர். அன்று பெரிய சட்டி நிறைய வட்டிலப்பம் செய்துகொண்டு வந்திருந்தவர். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா அவருடைய குசினியில் ஒரு சிறிய பலகையில் இருந்துகொண்டு, தேங்காய்ப்பால் பிழிய உதவிக்கொண்டே கதைத்தார். தேநீர் ஆறியது. வெளியே மழை பெய்து ஓய்ந்தது. அவர்கள் எழும்பவில்லை. பிள்ளைகள், வியாபாரம், தூக்கம் வராத இரவுகள் என்று பேச்சு எங்கெங்கோ போய்வந்தது. புறப்படும்போது அந்த மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அண்டைக்கு நீங்க எறங்கிப் போகக்குள்ள எனக்கும் உங்களோட வரணும் போலதான் ஈந்திச்சு, தங்கச்சி."

அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இப்படி மாதக்கணக்காக நடந்தது. கந்தோர்க்காரர் வீட்டுக்கும், அவருடைய மகள் கதவைத் திறக்க, போனோம். ஒருநாள் பல்லேகலைக்குப் போய்வரும் வழியில் பொறுக்க முடியாமல் கேட்டேன். இன்னும் எத்தனை வீட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அம்மா நடப்பதை நிறுத்தினார்.

"மன்னிப்போ? ஆர் மன்னிப்புக் கேட்டது?"

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. பிறந்தநாளுக்கென்று அப்பா வாங்கி வைத்திருந்த மயில்கழுத்து நிறச் சேலையைத்தான் அம்மா உடுத்தியிருந்தார். எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதையேதான் உடுத்துவார். தலையில் பூவும் இருக்கும். மன்னிப்புக் கேட்கப் போகிறவருக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று நான் எரிச்சலோடு நினைத்தது நினைவிருக்கிறது. அம்மா தன் பிறந்தநாளைத்தான் கொண்டாடிக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாமல், அவரோடு வருகிறவள் என்று யாரும் கண்டுகொள்ளக் கூடாதென்று, நான் வேகவேகமாக முன்னால் நடந்தேன்.